‘காத்திருத்தல்’ பற்றி எழுதச் சொன்னார்கள்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். பாலக்காட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தோரு வயது. எங்கள் எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து காலேஜுக்குப் போன பெண்களை அன்றைக்கு ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு இருந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பி.ஏ. முடித்ததும், தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் சமூகநலப் பணி பற்றிய முதுகலைப் படிப்புக்கு மனுப் போட்டேன். நாடு முழுக்க ஒரே நாளில் நுழைவுத் தேர்வு. இரண்டு பகுதி. முதல் பகுதியில் கணக்கு, பொது அறிவு எல்லாம் கலந்து கேட்பார்கள், டிக் அடித்தால் போதும். இரண்டாம் பகுதி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையில்தான் கண்டம் இருந்தது. நூற்றுக்கு நாற்பது வாங்காவிட்டால், முதல் பகுதியில் முழு மார்க் எடுத்திருந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எனக்குக் கட்டுரை பற்றிக் கவலையே இல்லை. பாலக்காட்டில் ஒரு டுடோரியலில் சேர்ந்து, அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். மழைக்கு ஒரு பத்தி, விடியலுக்கு ஒரு பத்தி, தாய்நாட்டுக்கு ஒன்று, பெற்ற தாய்க்கு ஒன்று. எந்தத் தலைப்பு வந்தாலும் நாலு பத்தியை எடுத்துக் கோத்துவிடலாம். கடைசி வரியில் சூரியன் உதிக்க வேண்டும், அது அந்த டுடோரியலின் எழுதப்படாத சட்டம். வரதட்சணையைப் பற்றி எழுதினாலும் சூரியன் உதிக்கும், நூலகத்தின் பயன்களைப் பற்றி எழுதினாலும் உதிக்கும். நான் அதில் கெட்டிக்காரி.

தேர்வன்று எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கறுப்பாக, ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை. முதல் பகுதியை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டார். கட்டுரைக்கு வந்தபோது அரைப் பக்கம் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அதன்பிறகு மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயோ பாவம், எழுத வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடியே நான் நாலாவது பக்கத்தில் சூரியனை உதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து மரத்தடியில் கட்டுச்சோறு தின்னும்போது பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு ஊர், கேரள மலையில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் தொழிலாளிகள். அந்த அக்கா எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டருக்கு உதவியாளர். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். இந்தப் படிப்புக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அவருக்கு அந்த ஆவணியோடு இருபத்தைந்து முடிகிறது. “இந்த வருசம் விட்டா அம்புட்டுத்தான் தங்கச்சி, அடுத்த வருசம் மனுவே வாங்க மாட்டாங்க” என்று, பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. அந்த வருடம் புதிதாக, ஒரு பகுதியில் உயர்ந்தும் இன்னொன்றில் தாழ்ந்தும் இருக்கிறவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், நேரில் கூப்பிட்டு இன்னொரு கட்டுரை எழுத வைத்து முடிவு செய்வார்களாம். கேரளப் பக்கத்து ஆட்களுக்குப் பாலக்காட்டிலேயே நடத்துகிறார்கள். எனக்கு முதல் பகுதியில் ஐம்பத்தொன்று, கட்டுரையில் எழுபத்திரண்டு. அந்த அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: “முதல் பகுதி 88. கட்டுரை 36. புதன்கிழமை பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பஸ்ஸில் வருகிறேன். உங்கள் வீட்டில் ஒரு இரவு தங்கலாம் என்றால் கொழிஞ்சாம்பாறையில் வந்து நில்லுங்கள். வராவிட்டால் நேரே போய்க்கொள்கிறேன், வருத்தமில்லை.”

போய் நின்றேன். துணிப்பை ஒன்று, குடை ஒன்று. அவ்வளவுதான் அவர் சாமான்.

வீட்டில் அம்மா, “வாங்க அம்மிணி, எந்நேரத்துக்குங்க பஸ்சேறுனீங்க? ரொம்பச் சடஞ்சு போயிருப்பீங்களாட்ட இருக்குதே” என்று கேட்டாள்.

“காலையில அஞ்சே முக்காலுக்கும்மா. மூணு பஸ்சு. ரெண்டு தடவ வாந்தி. இப்பப் பசிக்குது” என்றார் அந்த அக்கா. அம்மா ஒரு நிமிடம் விழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சோறு போடப் போனாள். எங்கள் ஊரில் விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இலை போடுவது வழக்கம்.

அன்று பிற்பகல் முழுக்க நான் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! முப்பத்தாறு மார்க் வாங்கிய ஒருவரை ஒரே நாளில் கரையேற்றும் பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம். என் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

“அக்கா, நீங்க எழுதறது கட்டுரையே இல்லீங்க. தந்தி” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “சொல்லிச் சொல்லி அப்படி ஆகிப்போச்சு தங்கச்சி” என்றார். டாக்டர் இருப்பது பத்து மைல் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரியில். டிஸ்பென்சரியில் கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற எஸ்டேட் போன் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் ஒரே கரகரப்பு. நீளமாகச் சொன்னால் பாதி காதில் விழாது. இவர் சொல்கிற நாலு வார்த்தையை வைத்துத்தான் மாத்திரை போதுமா, ஜீப் அனுப்ப வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். சொன்னதை அப்படியே அரைத்தாளில் எழுதி மாலையில் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஆறு வருடமாக அவர் எழுதிய ஆங்கிலம் முழுவதும் அந்த அரைத்தாள்தான்.

இதையெல்லாம் நான் பாதிக் காதில்தான் வாங்கினேன். அது வேலை, இது இலக்கியம் என்பது என் எண்ணம். நோட்டை அவர் கையில் கொடுத்து மழைப் பத்தியையும் விடியல் பத்தியையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். சொன்ன பேச்சைத் தட்டாமல், கடலையை உரித்தபடியே முணுமுணுத்து இருட்டுவதற்குள் இரண்டையும் ஒப்பித்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

“கடைசியில இந்தச் சூரியன் எதுக்கு தங்கச்சி வருது?”

“மார்க்குக்குங்க அக்கா” என்றேன்.

மறுநாள் காலை பாலக்காட்டுக்குப் போனோம். மொத்தம் ஆறு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நரைத்த தலையும் கைத்தறிச் சேலையுமாக ஒரு பேராசிரியை. இன்னொருவர் இளவயதுக்காரர், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தார். அம்மையார் எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை எழுதினார். தமிழில் சொன்னால், ‘காத்திருத்தல்’. நாற்பது நிமிடம்.

எனக்கு உள்ளூரக் குஷி. காத்திருத்தல் என்றால் மழை, மழை என்றால் சாதகப் பறவை, பறவை என்றால் விடியல். கோத்துக்கொண்டே போனேன். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்த மழைப் பத்தி அந்த அக்காவின் தாளில் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பாதி நேரம் தாண்டியிருக்கும். திடீரென்று அவர் பேனாவை நிறுத்தினார். எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்தார். பிறகு மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்துவிட்டார். ஒரு பக்கத்துக்கும் மேலே, அவ்வளவும் போயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. புதுத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு முதலில் வந்தது கோபம். கரையேற்ற வந்தவள் கையை உதறிவிட்டாரே என்று. அதன் பிறகுதான் பயம் வந்தது. இவர் என்னால் இருபது நிமிடத்தைத் தொலைத்துவிட்டார். கடைசி வருடம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த அரைப் பக்கத்தையாவது நிதானமாக எழுதியிருப்பாரே.

நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொருவராக அவரவர் எழுதியதை உரக்க வாசிக்க வேண்டும், வாசித்து முடித்ததும் ஜோடியாகப் பக்கத்தில் இருப்பவர் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல வேண்டும் என்றார் அம்மையார். எழுதியது அடுத்தவர் மண்டைக்குள் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவேண்டுமாம். எனக்கு ஜோடி அந்த அக்கா. நான் வாசித்தால் அவர் சொல்ல வேண்டும், அவர் வாசித்தால் நான்.

நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். டுடோரியலில் கைதட்டு வாங்கிய குரல். முடித்துவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன்.

அந்த அக்கா எழுந்து நின்றார். பிறகு நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: மழை பெய்தது. ஒரு பறவைக்குத் தாகம். பிறகு சூரியன் உதித்தது. யார் காத்திருந்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது எனக்குக் கிடைக்கவில்லை. நான் சரியாகக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

மற்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த இளவயதுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். என் காது இரண்டும் சுட்டது. இதில் பெரிய வேதனை, அந்த அக்கா கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தன் காதில்தான் குறை என்று நினைத்து, என்னைப் பார்த்து ஒரு மன்னிப்புப் பார்வை வேறு பார்த்தார்.

அடுத்து அவர் வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. ஒரு வரியும் மறக்கவில்லை.

“பிற்பகல் இரண்டு இருபது. காற்று பலமாக இருந்தது. சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்மேல் விழுந்தது. வயது நாற்பத்தாறு. நான்கு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் விடுமுறையில் இருந்தார். வலது தொடை எலும்பு முறிந்து தோலுக்கு வெளியே தெரிந்தது. பெஞ்சைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். தேயிலைப் பெட்டிப் பலகை இரண்டை வைத்துக் காலைக் கட்டினேன். ரத்தம் வந்த இடத்தைத் துணி வைத்து அழுத்திக்கொண்டேன். நாடி 112. டாக்டரிடம் சொன்னேன். மூன்றாம் டிவிஷனில் பாறையில் விழுந்த ஒரு ஆணுக்கு நினைவில்லை, ஜீப் ஒன்றுதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு நினைவு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஜீப் முதலில் அங்கே போகும் என்றார். சரி என்றேன்.

இரண்டு ஐம்பது, நாடி 118. பாதம் சூடாக இருந்தது. மூன்று மணி, 124. மூன்று பத்து, 124. அந்தப் பெண் தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடாது, உதட்டை மட்டும் நனைத்தேன். மூன்று முப்பது, 130. பாதம் குளிர்ந்துவிட்டது. மறுபடி போன் செய்தேன். ஜீப் இன்னும் திரும்பவில்லை. பெஞ்சின் கால்பக்கத்தை உயர்த்தி இரண்டு கம்பளி போர்த்தச் சொன்னார்கள். தூக்கி வந்தவர்கள் செய்தார்கள். மூன்று ஐம்பது, 132. நான்கு மணி, 128. நான்கு பத்துக்கு ஜீப் சத்தம் கேட்டது. அதுவரை நான் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.”

அவ்வளவுதான். தாளைக் கீழே வைத்தார்.

என் முறை. எழுந்தேன். எனக்குக் கணக்கு வராது, முதல் பகுதியில் ஐம்பத்தொன்று வாங்கியவள். ஆனால் நூற்றுப்பன்னிரண்டு, நூற்றுப்பதினெட்டு என்று ஒரு எண்ணும் தப்பாமல் சொல்லிக்கொண்டே போனேன். கம்பளி, பலகை, பெஞ்சு எல்லாம் என் கண்முன்னால் இருந்தன. ‘துணியிலிருந்து கையை எடுக்கவில்லை’ என்று முடித்து உட்கார்ந்தேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த இளவயதுக்காரர் குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்டார். எல்லாம் சரி, இதில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு வார்த்தைகூட இல்லையே, அந்த நோயாளி உங்களுக்குத் தெரிந்தவரா என்று.

“என் அம்மா.”

ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தையில்தான் சொன்னார். முந்தின நாள் பிற்பகல் முழுக்க என்னோடு உட்கார்ந்து கடலை உரித்தவர், நான் ‘தாய்ப் பாசம்’ பத்தியை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டியபோது தலையாட்டிக் கேட்டவர், இவர்தான்.

அதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று அம்மையார் கேட்டார்; இல்லை என்றதும், ஏன் என்றார். அந்த அக்கா பதிலை ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டார். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், இந்தப் பெண் சொல்லட்டும் என்று என்னைக் காட்டினார் அம்மையார். அந்த அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“எங்கம்மான்னு சொல்லிட்டா டாக்டர் காதுல நோய் விழாது தங்கச்சி, என் பயந்தான் விழும். அவரு நல்ல மனுசன், என்மேல பிரியமா இருப்பாரு. எனக்காக ஜீப்ப இங்கிட்டுத் திருப்பிருவாரு. அங்கிட்டுக் கெடந்த ஆளுக்கு அப்படிச் சொல்ல யாரு இருக்கா?”

நான்தான் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னேன். என் வாழ்நாளில் பேசிய ஆங்கிலத்திலேயே அலங்காரம் குறைந்தது அதுதான். அலங்காரம் செய்ய எனக்கு வாயும் வரவில்லை.

அம்மையார் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். தானே ஒருமுறை படித்தார். அடியில் இருந்த அடித்த தாளையும் எடுத்துப் பார்த்து, இவ்வளவு எழுதிவிட்டு ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் என் தாள் இருக்கிறது, அதிலும் அதே மழை, அதே வரி. வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி. இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்ப அதுவே போதும்.

அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அதில் நான் பார்த்தது எதுவும் இல்லை, மேடம்” என்றார். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். அம்மையார் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். ஒன்றும் கேட்காமல் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். சித்தூர் தாண்டியதும், அவருடைய அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“நல்லாருக்கு. கொஞ்சம் நொண்டும். மலைக்குப் போகாம புள்ளக்காட்டுல வேல குடுத்திருக்காங்க” என்றார். புள்ளக்காடு என்றால் எஸ்டேட்டில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடமாம். ஜீப்பிலிருந்து இறங்கி அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் டாக்டர் இந்த அக்காவை அப்படி ஏசினாராம். ஏசிவிட்டு, தானே ஊசி போட்டாராம். மூன்றாம் டிவிஷன் ஆளும் பிழைத்துக்கொண்டாராம், டாக்டர் மூலம் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டதாம். “இப்பவும் அந்த ஆளு எங்கம்மாவ எங்க கண்டாலும் கும்பிடுவாரு. எதுக்கு இந்த மனுசன் என்னயப் போயிக் கும்பிடுறாருன்னு அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லல” என்று சொல்லிச் சிரித்தார்.

“உங்க நேரத்தையெல்லாம் நான் பாழாக்கிப் போட்டனுங்க அக்கா” என்றேன்.

“நீ நல்லதுக்குத்தான சொன்ன. எங்கம்மாவ எழுதலாமா வேண்டாமான்னு எனக்கே கொழப்பமாத்தான் இருந்துச்சு. அந்த மழையப் பாதி எழுதுனப்பறந்தான், இத வச்சு ஒரு டாக்டரால எதையும் செய்ய முடியாதேன்னு பட்டுச்சு” என்றார். கொழிஞ்சாம்பாறையில் நான் இறங்கிக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது.

ஆடி பிறந்து கடலை விதைப்பு முடிந்த பிறகு அவருடைய கார்டுதான் முதலில் வந்தது. “இடம் கிடைத்தது. கட்டுரைக்கு 80. உனக்கு?” முப்பத்தாறு போட்டதும் அந்த நிறுவனம்தான், எண்பது போட்டதும் அந்த நிறுவனம்தான். அவர் எழுதிய விதம் மாறவே இல்லை. முதல் தடவை அந்த அரைப் பக்கத்தைத் திருத்தியவர் யாரோ, எவரோ. நீளம் போதாது என்று குறைத்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஐயோ பாவம் என்று குறைத்தவள்தானே.

இரண்டு நாள் கழித்து என் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் கொடுத்ததை அப்பா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். அதிலும் எனக்குச் சாதகமில்லாத கடிதமென்றால் முன்னும் பின்னும் பூச்சுற்றி, கடைசியில் என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியாதபடி செய்துவிடுவேன். காலேஜில் ஒரு பாடத்தில் தேறாதபோது அப்படித்தான் இரண்டு மாதம் ஓட்டினேன்.

“ஏஞ்சாமி, என்னன்னு எழுதியிருக்குது?” என்றார்.

“எடம் கெடைக்கலீங்க அப்பா. நான் எழுதுனது போதலீங்க. அந்த அக்காளுக்குக் கெடச்சிருக்குது, அது நாயமுங்க” என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். கெட்ட செய்திதான். ஆனால் மகள் சொன்னது முழுவதும் அவருக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். “செரி, போச்சாது. போயிச் சாப்புடு சாமி” என்று சொல்லிவிட்டுக் கடலைக்காட்டுக்குப் போனார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வேறு படித்தேன், வேறு வேலைக்குப் போனேன், அதுவும் நன்றாகத்தான் போயிற்று. ஆனாலும் பெற்ற தாயின் நாடியை ஒரு கையால் எண்ணிக்கொண்டே, முகம் தெரியாத ஒருவனுக்கு ஜீப்பை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த ஒற்றைச் ‘சரி’யைவிடப் பெரிய வார்த்தையை நான் இன்றுவரை எந்தத் தாளிலும் படித்ததில்லை.